காமன் பூலில் ஒருத்தி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவன்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போய் நின்றவள். சின்னவன் பதின்மூன்று வயது வரை பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காதவன். இரண்டு பேரும் ஒரே திண்ணையில், ஒரே கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம்தான் படித்தார்கள். ஆனால் அரசாங்கக் கணக்கில் அவளுக்கு ஓர் எண் இருந்தது, அவனுக்கு இல்லை. அந்த எண் எங்களை என்ன பாடு படுத்தியது, அது இல்லாதது அதைவிட என்ன பாடு படுத்தியது என்று எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். "வீட்டில் படிக்கிற பிள்ளைகளை அரசாங்கத்தில் பதிவு செய்யணுமா, வேண்டாமா?" என்று யாராவது கேட்டால் 2015-ல் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு. இன்றைய பதில் வேறு.

ஈரோடு மாவட்டத்தில் தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. மூத்தவள் படித்த பள்ளிக்கு வேன் காலை ஆறே முக்காலுக்கே வந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை அரைத்தூக்கத்தில் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே ஏறும். கொஞ்ச நாளில் வயிற்றுவலி தொடங்கியது. டாக்டரிடம் காட்டினோம், ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத வயிற்றுவலி அது. மூன்றாம் வகுப்பு முடிந்ததும், 2015 ஏப்ரலில், நிறுத்திவிட்டோம். பெரிய கொள்கை எல்லாம் அப்போது இல்லை. ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தோம். அந்த ஒரு வருடம் ஏழு வருடமாயிற்று.

பள்ளியில் டி.சி. கேட்டபோது, "எந்த ஸ்கூல்ல சேர்த்தறீங்க?" என்றார்கள். எங்கும் இல்லை என்றதும், அப்படியானால் டி.சி. எதற்கு என்று இழுத்தார்கள். என் வீட்டுக்காரரும் "அதானே, எதுக்கு?" என்றார். என் அப்பாதான் விடவில்லை. அவர் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆட்டுக்குட்டியை வேணா உட்டுட்டு வா, காகிதத்தை உட்டுட்டு வராதே" என்று திருப்பி அனுப்பினார். மூன்று நடை நடந்து வாங்கினேன். வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம் என்று யோசிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பள்ளியைவிட்டு நிறுத்துகிற அன்றே டி.சி.யைக் கையில் வாங்கிவிடுங்கள். அதில் பிறந்த தேதி, பெயர், முதலெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வருடங்கள் கழித்துப் போனால் பதிவேடு இருக்கும், அதைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பெயர் எமிஸ் கணக்கில் 'காமன் பூல்' என்ற இடத்துக்குப் போய்விடும். எமிஸ் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கிற கணினிப் பதிவேடு. ஒரு பள்ளியிலிருந்து விலகி இன்னொன்றில் சேரும்வரை பெயர் அந்தக் காமன் பூலில் மிதந்துகொண்டிருக்கும். மற்றப் பிள்ளைகள் அதில் ஒரு மாதம் இருந்தால் அதிகம். எங்கள் பெண் ஏழு வருடம் இருந்தாள்.

வருடா வருடம் போன் வரும். "பாப்பா பேரு காமன் பூல்லயே இருக்குதுங்க. எங்க சேர்த்திருக்கீங்க?" வீட்டில் படிக்கிறாள் என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. "வீட்டுலன்னா, டியூசனுங்களா?" என்பார்கள். ஒரு தடவை ஒருவர், "உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தக் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. எனக்கோ கோபம் வந்தது.

போனோடு நிற்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர், கூடவே எங்கள் ஊர் அங்கன்வாடி அக்கா. முதல் தடவை வந்தபோது பயிற்றுநர் அம்மா மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் படிவத்தைப் பிரித்தார். பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் எழுத வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பம், வேலைக்குப் போகிறது, உடல் குறைபாடு என்று அவரிடம் இருந்த காரணங்களில் எதுவும் எங்களுக்குப் பொருந்தவில்லை. "என்னன்னுங்க எழுதட்டும்?" என்று என்னையே கேட்டார். கடைசியில் 'பெற்றோருக்கு விருப்பம் இல்லை' என்று எழுதிக்கொண்டார். பிள்ளை படிப்பதில் விருப்பமில்லாத பெற்றோர்! ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த வரி எப்படி எரிந்திருக்கும் என்று பாருங்கள்.

போகும்போது அவர் கேட்டார்: "பாப்பாவோட நோட்டு ஏதாவது இருந்தா காட்டறீங்களா?"

"எதுக்குங்க காட்டணும்? நாங்க என்ன தப்பா பண்ணறோம்?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வியை இன்னொரு இடத்தில் நினைவுபடுத்துவேன்.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். எல்லோரும் முதலில் கேட்பது "இது சட்டப்படி சரியா?" என்பதுதான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. 8-ஆம் பிரிவில் 'கட்டாயக் கல்வி' என்றால் என்ன என்று விளக்கும்போது, அது அரசாங்கத்தின் மேல் விழுகிற கட்டாயம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அரசியலமைப்பில் பெற்றோருக்கான கடமையைச் சொல்கிற 51ஏ பிரிவின் 'கே' உட்பிரிவோ, 'கல்விக்கான வாய்ப்புகளை' அளிக்க வேண்டும் என்கிறது. பள்ளி என்ற சொல்லே அதில் வராது. ஆக, தடை என்றும் இல்லை, அனுமதி என்றும் இல்லை. வீட்டுவழிக் கல்விக்கென்று ஒரு பதிவேடும் இல்லை. பதிவேடு இல்லாததால்தான் எங்களை இடைநின்ற பிள்ளைகளின் பட்டியலில் தேடினார்கள். எங்களுக்கென்று வேறு கட்டம் இல்லையே.

என் வீட்டுக்காரர் அப்போது சொல்வார்: "ரேசன் கார்டுல இருக்குது, ஆதார்ல இருக்குது. இன்னும் எத்தனை லிஸ்ட்டுல ஏத்தோணும்? நம்ம பிள்ளைய நாம வளர்க்கறதுக்கு யார்கிட்டப் பதியோணும்?" நானும் ஆமாம் போட்டவள்தான். பதிவு என்று வந்தால் அடுத்து ஆய்வு வரும், அப்புறம் தேர்வு வரும், கடைசியில் வீட்டையே பள்ளிக்கூடமாக்கி மணி அடிக்கச் சொல்வார்கள் என்று பயம். வீட்டுவழிக் கல்விக்காரர்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் இந்தப் பயம் உண்டு. அது வீண் பயம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

என் மனது முதலில் அசைந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீட்டால்.

2018 கணக்கெடுப்பின்போது அந்த வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்குப் போகாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் அம்மா சொன்ன பதிலை அங்கன்வாடி அக்கா பிறகு எனக்குச் சொன்னார். "அந்த வாய்க்கால் மேட்டு வீட்டுல மாதிரி நாங்களும் வூட்டுலயே வெச்சுப் படிக்க வெக்கறோமுங்க." வாய்க்கால் மேட்டு வீடு என்றால் நாங்கள்தான். அந்தப் பெண் காலையிலிருந்து இரவு வரை உறவுக்காரர் தறிப்பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், அதாவது நெசவு நூலைக் குழலில் சுற்றுகிற வேலை. ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுற்றுகிறாள் போல என்று நானே நினைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

அந்த வீட்டிலும் பயிற்றுநர் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: "பாப்பாவோட நோட்டு காட்டறீங்களா?" நோட்டு இல்லை. புத்தகம் இல்லை. அந்த ஒரு கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிட்டது. சிறப்புப் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். அவள் எட்டாவது முடித்தது வரை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் வீட்டு வாசலில் நான் அவமானமாக நினைத்த கேள்வி அங்கே ஒரு பிள்ளைக்கு வழி திறந்திருக்கிறது. அது கூடப் பரவாயில்லை. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வாக்கியத்தை இன்னொரு வீடு திரைச்சீலையாக எடுத்துக் கட்டிக்கொண்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில் உதவலாம் என்று விட்டார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? என் பையனே காலையில் ஆட்டைப் பட்டியிலிருந்து அவிழ்த்து விட்டுத்தான் கணக்கு நோட்டை எடுப்பான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவனுக்கும் தார் சுற்றுகிற பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? யாராவது உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வருடம் பயிற்றுநர் அம்மா வந்தபோது நோட்டுகளை நானே எடுத்து வைத்தேன். நாற்பது நிமிடம் பார்த்தார். எங்கள் பெண் வரைந்திருந்த வாய்க்கால் மதகுப் படத்தைப் பார்த்து, "இதை நான் போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

பட்டியலில் இல்லாவிட்டால் என்னென்ன போகும் என்பதும் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள் பஸ் போர்டைப் படிக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வருடமாகவே பார்வை மங்கலாக இருந்திருக்கும் என்றார். கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை உண்டு. அவளோடு படித்த பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளியிலேயே பார்த்துவிட்டார்கள். என் பிள்ளைக்குக் கரும்பலகை மூன்றடி தூரத்தில்தான் இருந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பத்து வயதில் போடுகிற டி.டி. தடுப்பூசியும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையும் அப்படித்தான் பள்ளி வழியாகவே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே. வீட்டில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண், பல், தடுப்பூசி மூன்றையும் பார்த்துவிடுங்கள். பாடம் ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

தேர்வுக்கு வருவோம். மூத்தவளைத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்புக்குப் பதிந்தோம். அதற்குக் குறைந்தது பதினான்கு வயதாகியிருக்க வேண்டும், ஐந்து பாடங்கள் தேர்ச்சி பெற வேண்டும், தமிழிலும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு தடவை பொதுத்தேர்வு உண்டு. ஏப்ரலில் விட்டதை அக்டோபரில் பிடிக்கலாம் என்பது பெரிய நிம்மதி. கொரோனாவால் 2021 ஜூன் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள், அந்த வருடக் கடைசியில் நடந்த தேர்வை எழுதினாள். மதிப்பெண் ஆஹா ஓஹோ என்று சொல்கிற அளவுக்கு இல்லை, நன்றாகவே இருந்தது. அவளே, "பிளஸ் ஒன்னுக்கு ஸ்கூலுக்குப் போறேம்மா" என்றாள். 2022 ஜூனில் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு டி.சி.யையும் மதிப்பெண் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனோம். எமிஸ் எண்ணைச் சொன்னேன். கணினி முன்னால் இருந்தவர் காமன் பூலில் தேடினார். நாலாம் வகுப்புக்குப் போகாமல் நின்ற பெயர் அப்படியே கிடந்தது. ஐந்தே நிமிடத்தில் ஏற்றிவிட்டார். வருடா வருடம் போன் செய்து என்னை எரிச்சல்படுத்திய அதே காமன் பூல்தான் அவள் பெயரைப் பத்திரமாக வைத்திருந்தது.

சில விஷயங்கள் போனது போனதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குத்தான். இரண்டு வருடம் மட்டும் அரசுப் பள்ளியில் படித்த எங்கள் பெண்ணுக்கு இவை கிடையாது. சின்னவன் கதை இன்னும் வேடிக்கை. எட்டாம் வகுப்புப் பாடம் முடிகிற வரை கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் தமிழிலேயே படித்தவன் அவன். அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் உண்டு, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குப் பள்ளி சான்று தர வேண்டும். அவனுக்கு யார் தருவார்கள்? நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லுமா? வீட்டுவழிக் கல்வியில் இறங்குகிறவர்கள் இதையெல்லாம் முன்னாலேயே தெரிந்துகொண்டு, பரவாயில்லை என்று தோன்றினால் இறங்குங்கள். நாங்கள் தெரியாமல் இறங்கினோம்.

சின்னவனுக்கு அப்பா மாதிரியே ஓட்டம். வாய்க்கால் கரையில் ஊர்ப் பையன்களோடு ஓடினால் யாரும் பக்கத்தில் வர முடியாது. 2022-ல் அந்தப் பையன்கள் எல்லாம் குறுவட்டப் போட்டிக்குப் போனார்கள். பள்ளிகளுக்கு இடையே நடப்பது, அதில் ஜெயித்தால் அடுத்து மாவட்டம். இவனும் கிளம்பி நின்றான். விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர். இவன் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். "எமிஸ் நம்பர் இல்லாம பேரைப் பதிய முடியாது தம்பி" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எந்த லிஸ்ட்டுலயுமே இல்லையாம்மா?" என்றான்.

அதுவரை பதிவு என்பது எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான வழக்கு என்றுதான் நினைத்திருந்தோம். பிள்ளைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரர் அன்று ஒன்றும் பேசவில்லை. 'இன்னும் எத்தனை லிஸ்ட்' என்ற பேச்சு அதற்கப்புறம் வீட்டில் வரவும் இல்லை.

சரி, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வைப்போம் என்று முடிவு செய்தோம். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எழுதலாம். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு டி.சி. இருக்காது. பிறப்புச் சான்றிதழ் போதும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. அப்பாடா என்று பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்தால், அதில் பிள்ளையின் பெயரே இல்லை! ஆண் குழந்தை, தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். பிறந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் பதிந்தது, அப்போது பெயர் வைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது, "பேரோட வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள், அப்போது பெயர் ஏறிவிடும். இவனைத் திருப்பி அனுப்ப ஒரு பள்ளிக்கூடம் இல்லையே. நல்லவேளை, பதினைந்து வயது வரை கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம். பன்னிரண்டு வயதில் இவனுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தோம். தாத்தா சர்க்கரைகூட வாங்கிவந்து கொடுத்தார்.

இதை அழுத்திச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, ஓட்டு, வேலை எல்லாவற்றுக்கும் வயதுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆதாரிலும் அதே எழுத்து, அதே முதலெழுத்து இருக்கட்டும். எங்கள் பெண்ணுக்கு ஆதாரில் முதலெழுத்து முன்னால், டி.சி.யில் பின்னால். அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு தடவை ஈரோட்டுக்குப் போய் வந்தோம்.

பையன் எட்டாம் வகுப்பு தேறினான். 2024 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். அக்காவுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை இவனுக்கு ஐந்து வாரம் இழுத்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை புதிதாக முளைக்க முடியும் என்று அந்தக் கணினிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. பள்ளியில் ஏற்ற முடியவில்லை, மேலே எழுதிக் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் பழைய பள்ளி எது என்று திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும், "இத்தனை வருசம் என்ன பண்ணிட்டு இருந்தான்?" என்ற கேள்வி. அப்போது எங்களைக் காப்பாற்றியது நாலு பெட்டி நோட்டு. வருடத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, என்ன படித்தான், எந்தப் புத்தகம் முடித்தான், எங்கே போனோம் என்று தேதியோடு எழுதி வைத்திருந்தேன். அது வேறு யாருக்காகவும் எழுதியதில்லை, என் ஞாபகத்துக்காக எழுதியது. தலைமையாசிரியர் அதில் ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டு, தானே வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டார். பதிவேடு என்று ஒன்று அரசாங்கத்திடம் இல்லாத வரைக்கும் உங்கள் வீட்டில் ஒன்று இருக்கட்டும். தேதி கட்டாயம் போடுங்கள். தேதி இல்லாத நோட்டைக் காட்டினால் யாரும் நம்புவதில்லை.

என் சித்தி மகள் லண்டனில் ஹாரோவில் இருக்கிறாள். அவளும் பையனை வீட்டில் வைத்துத்தான் படிக்க வைக்கிறாள். இதே வழக்கு அங்கே பதினைந்து வருடத்துக்கும் மேலாக நாடாளுமன்றத்தில் ஓடியிருக்கிறது. இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டமே, பிள்ளைக்குப் 'பள்ளியிலோ வேறு வழியிலோ' கல்வி தருவது பெற்றோர் கடமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரும்பாலான பள்ளிகளில், நிறுத்துவதாக ஒரு கடிதம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். அங்கே சண்டை எல்லாம் பதிவேட்டைப் பற்றித்தான். 2009-ல் அரசாங்கம் கேட்டு வந்த ஒரு ஆய்வறிக்கை, வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. அடுத்த வருடம் தேர்தல் வந்தது, அந்தப் பிரிவுகள் விழுந்துவிட்டன. 2022-ல் இன்னொரு மசோதா வந்தது, அதையும் திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்டில் வோக்கிங் ஊரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், வீட்டில் படிக்க வைக்கிறோம் என்று அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அப்பாவும் சிற்றன்னையும் கொலைக் குற்றவாளிகள் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதே மாதம் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிற புது மசோதாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

இதைப் பற்றி எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் பெரிய சண்டையே நடந்தது. "அக்கா, யார் எத்தனை மணி நேரம் சொல்லிக் குடுக்கறாங்கன்னு எழுதித் தரணுமாம். நான் சமைக்கும்போது அவன் பின்னம் கத்துக்கறான். அதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டாள். அவள் கேட்பது நியாயம். மணி நேரக் கணக்கு கேட்கிறவர்களுக்கு வீட்டில் படிப்பு எப்படி நடக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதே மசோதாவில் இன்னொன்றும் இருந்தது: பாதுகாப்பு விசாரணையில் இருக்கிற பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும் என்பது. அதை எதிர்க்க எனக்கு வாய் வரவில்லை. தார் சுற்றிய பெண் ஞாபகத்துக்கு வந்தாள். ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து யார் நிறுத்தினாலும் சம்மதம் வாங்க வேண்டுமாம். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். அனுமதி வேறு, தகவல் வேறு. பிள்ளை இங்கே இருக்கிறது, வீட்டில் படிக்கிறது, இந்த எண்ணில் கூப்பிடலாம் என்று சொல்வதில் எனக்கு இன்று கூச்சம் இல்லை. என்ன படிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்ல வந்தால் கதவைச் சாத்துவேன்.

இங்கிலாந்துக்காரர்கள் விவாதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்று உண்டு. பதிந்தால் பெற்றோருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. நம் ஊரில் ஒரு பதிவேடு வந்தால் அது கொடுக்கல் வாங்கலாக இருக்க வேண்டும். நான் பெயரைக் கொடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை பயிற்றுநர் அம்மாவுக்கு நோட்டைக் காட்டுகிறேன். நீங்கள் ஓர் எமிஸ் எண் கொடுங்கள், கண் பரிசோதனைக்குக் கூப்பிடுங்கள், குறுவட்டப் போட்டியில் ஓட விடுங்கள், தனித்தேர்வு அறிவிப்பு வந்தால் போனில் ஒரு செய்தி அனுப்புங்கள். வெறும் கண்காணிப்புக்கு மட்டும் என்றால் நல்ல பெற்றோர் பயந்து ஒளிவார்கள். ஒளிய வேண்டியவர்கள் எப்படியும் ஒளிவார்கள், பதிவேட்டில் யாருமே மிஞ்ச மாட்டார்கள். பிள்ளைக்கு நாலு நல்லது வரும் என்றால் தானாக வந்து பதிவார்கள். அப்போது வராமல் நிற்கிற வீடுகள் எவை என்பதும் தெரிந்துபோகும்.

மூத்தவள் இப்போது கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். சின்னவன் 2024-லேயே குறுவட்டத்தில் ஓடினான். எண் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 400 மீட்டரில் மூன்றாவதாக வந்தான். முதலில் வந்தவன் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் இவனிடம் எப்போதும் தோற்கிறவன். பள்ளி மைதானத்தில் கோட்டுக்குள் ஓடிப் பழக்கமில்லை என்று இவன் சொல்கிறான், அவன் வேறு காரணம் சொல்கிறான்.

பயிற்றுநர் அம்மாவுக்கும் எனக்கும் இப்போது நல்ல பழக்கம். போன மே மாதம் கணக்கெடுப்பின்போது போன் செய்தார். "உங்கள மாதிரியே ஒரு குடும்பமுங்க, கோயமுத்தூர்ல இருந்து வந்து தோட்டம் வாங்கியிருக்காங்க. நான் போனா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் கூட வாறீங்களா?" போனேன். மாமரத்தடியில் ஆறு வயசுப் பெண் ஒன்று மண்ணில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, நான் ஒரு காலத்தில் நின்ற மாதிரியே நின்றார். நாங்கள் எந்தப் பதிவைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, "பொறப்புச் சர்டிபிகேட்டுல பாப்பா பேரு ஏத்தியாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

யோசித்துவிட்டு, "பேரா? அது இல்லீங்களே" என்றார். உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்து வந்தார்.